தள்ளப்பட்டவனைத் தேடி வந்தவர்

கிறிஸ்துவுக்காகச் சிங்கங்களுக்கு முன் நின்றவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது வேறு. நாம் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோகும். எல்லாருக்கும் போன செய்தி நமக்கு மட்டும் வராது. நன்றாகப் பழகியவர் கண்ணைப் பார்க்காமல் நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதைப் போய் உபத்திரவம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லாமல் வைத்திருந்தால் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

நான் ஞானஸ்நானம் எடுத்த பிறகு என் அண்ணன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார், பிறகு நிறுத்திவிட்டார். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் பேச ஒரு விஷயமாவது கையில் இருந்திருக்கும். சில வருடங்கள் கழித்து, குடும்பமாகவே நினைத்திருந்த ஒரு சபையிலும் ஓரங்கட்டப்பட்டேன். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று கேட்டால் இரண்டாவதுதான். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது எழுத நினைப்பது, புறக்கணிப்பு வரும்போது ஒரு விசுவாசி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்பதைப் பற்றி.

ரோமில் பாலத்தீன் குன்றில் 1857ஆம் ஆண்டு அகழாய்வு செய்தபோது, ஒரு கட்டடச் சுவரில் கீறப்பட்ட ஒரு படம் கிடைத்தது. அரண்மனைப் பணியாளர்களாகப் பழக்கப்பட்ட சிறுவர்கள் இருந்த இடம் அது என்று கருதப்படுகிறது. படம் ஏறக்குறைய கி.பி. 200ஐச் சேர்ந்தது என்று பலரும் சொல்கிறார்கள். சிலுவையில் ஓர் உருவம் தொங்குகிறது. அதன் தலை கழுதைத் தலை. கீழே ஒரு இளைஞன் கையை உயர்த்தி வணங்கி நிற்கிறான். பக்கத்தில் கிரேக்கத்தில், தப்பும் தவறுமாக, "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று எழுதியிருக்கிறது. கூட வேலை செய்த எவனோ கேலியாகக் கிறுக்கியது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிலுவைப் படங்களில் ஒன்று ஒரு விசுவாசியை அவமானப்படுத்த வரையப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து அறைச் சுவரில் லத்தீனில் இன்னொரு வரி கிடைத்தது: அலெக்சமெனோஸ் உண்மையுள்ளவன். அதை எழுதியது அவனேயா, நண்பனா, கேலியின் தொடர்ச்சியா, எதுவும் தெரியாது. அவன் எந்த வயதில் செத்தான் என்றும் தெரியாது. தினமும் அந்தச் சுவரைக் கடந்து வேலைக்குப் போன ஒரு பையனாகத்தான் நான் அவனை நினைத்துக்கொள்கிறேன். அவனுக்குச் சிங்கம் வரவில்லை. சிரிப்பு வந்தது. நமக்கு வருவதும் பெரும்பாலும் அதுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உதவியது யோவான் ஒன்பதாம் அதிகாரம். பிறவிக் குருடனை இயேசு குணமாக்கிய சம்பவம். ஞாயிறு பள்ளியிலேயே படித்துவிடுவதால் அதை ஓர் அற்புதக் கதையாகவே விட்டுவிடுகிறோம். அந்த அதிகாரத்தில் நாற்பத்தொரு வசனங்கள் இருக்கின்றன. அற்புதம் ஏழாம் வசனத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் விசாரணை. பார்வை கிடைத்த ஒருவனைச் சமுதாயம் எப்படிப் படிப்படியாக வெளியே தள்ளியது என்ற கதை.

முதலில் அக்கம்பக்கத்தார், பிறகு யூத மதத் தலைவர்களான பரிசேயர். பிறகு அவனுடைய பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். இவன் உங்கள் மகன்தானா, எப்படிப் பார்வை வந்தது என்று கேட்கிறார்கள். மகன்தான், குருடனாகப் பிறந்தவன்தான். எப்படிப் பார்க்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்கிறார்கள். இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கை செய்கிறவனை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்ததால் பயந்து இப்படிச் சொன்னார்கள் என்று யோவான் எழுதுகிறார். ஜெப ஆலயத்திலிருந்து தள்ளப்படுவது ஓய்வுநாள் ஆராதனையை மட்டும் இழப்பதல்ல. உறவும் மரியாதையும் நல்லது கெட்டதும் அதைச் சுற்றித்தான் இருந்தன. அந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்காகக் குருட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, யார் பாவம் செய்தது என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர்கள். இன்னொரு அவமானத்தைத் தாங்க அவர்களிடம் பலம் இருந்திருக்காது.

ஆனால் மகன் பக்கத்திலிருந்து பாருங்கள். அவன் அப்பா அம்மா முகத்தை முதன்முறையாகப் பார்த்தது அந்த நாட்களில்தான். பார்க்கக் கிடைத்த முகம் பின்வாங்குகிற முகம்.

அவன் என்ன செய்தான்? அவனிடம் இறையியல் எதுவும் இல்லை. இயேசு யார் என்பதே அவனுக்குப் பாதிதான் தெரியும். சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்று அனுப்பிய குரல் மட்டும் தெரியும். முகத்தைப் பார்த்ததே இல்லை. அதனால் தெரிந்ததை மட்டும் சொன்னான்: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." மிரட்டினார்கள், அதையே சொன்னான். திட்டினார்கள், அப்போதும் அதிலிருந்து விலகவில்லை. கடைசியில் வெளியே தள்ளினார்கள்.

இந்த விசாரணை முழுவதிலும் இயேசு வரவில்லை. இது என்னை நீண்ட நாள் உறுத்தியது. ஒரு வார்த்தை சொல்ல வந்திருக்கலாமே, பக்கத்தில் நின்றிருக்கலாமே என்று தோன்றும். 35ஆம் வசனத்தில்தான் திரும்ப வருகிறார்: "அவனை அவர்கள் புறம்பே தள்ளிவிட்டதை இயேசு கேள்விப்பட்டு, அவனைக் கண்டபோது..." கேள்விப்பட்டு வந்தவர் அவர். குணமானபோது அவனைப் போகவிட்டார், தள்ளப்பட்டபோது அவனிடம் வந்தார். அவன் முதன்முதலாக இயேசுவின் முகத்தைப் பார்த்தது வெளியே நின்றபோதுதான். அடுத்த அதிகாரம் நல்ல மேய்ப்பனைப் பற்றியது. அவனைத் தள்ளியவர்களோடு நடந்த அதே பேச்சின் தொடர்ச்சியாகத்தான் அது வருகிறது. தொழுவத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் ஓர் ஆட்டை வெளியே தள்ளினார்கள். மேய்ப்பன் வெளியே நின்றிருந்தார். எபிரெயர் நிருபம், பாளயத்திற்குப் புறம்பே அவரிடத்திற்குப் போவோம் என்று அழைக்கும்போதும் இதே திசையைத்தான் காட்டுகிறது.

நாம் புறக்கணிக்கப்படும்போது சாத்தான் சொல்லும் பொய் பெரும்பாலும் ஒன்றுதான்: மனிதர்கள் விட்டுவிட்டார்கள், ஆகவே தேவனும் விட்டுவிட்டார். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருப்பதே ஒரு பெரிய போராட்டம். அண்ணன் பேசாமல் போனபோது எனக்கு ஜெபிக்க வராமல் போனதற்கு வேறு காரணம் இல்லை. ஒருவருடைய மௌனத்தை இன்னொருவருடைய மௌனமாக மனம் எடுத்துக்கொண்டது.

சரி, தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்கள்? அவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள், திருச்சபை வரலாற்றிலும் இருக்கிறார்கள். யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்தில், அதிகாரிகளிலும் பலர் இயேசுவை விசுவாசித்தார்கள், ஆனால் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படாதபடி அதை அறிக்கை பண்ணவில்லை என்று வாசிக்கிறோம். கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பாராம். மூன்று முறையும் ஆம் என்றால் தண்டனை. இல்லை என்றால் பேரரசர் சிலைக்குத் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டுப் போகலாம். முன்பு கிறிஸ்தவர்களாக இருந்தோம், பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் உண்மையான கிறிஸ்தவர்களை இதையெல்லாம் செய்யவைக்க முடியாது என்று சொல்கிறார்கள் என அந்த ஆளுநரே எழுதுகிறார். சாட்சி சில சமயம் எதிராளியின் கடிதத்தில் பதிவாகிறது.

250இல் டெசியஸ் பேரரசர், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அதற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்கள் எகிப்தில் பப்பைரஸ் தாள்களில் இன்றும் கிடைக்கின்றன. பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். ஆபத்து ஓய்ந்ததும் இவர்களில் பலர் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். ஏற்கவே கூடாது என்றது ஒரு தரப்பு. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன், மனந்திரும்புதலைச் சோதித்துப் பார்த்து அவர்களைத் திரும்பச் சேர்க்கும் வழியில் நின்றார். அந்தச் சிப்ரியனே 258இல் கிறிஸ்துவுக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார். தான் உறுதியாக நின்றவர்தான்; நிற்க முடியாதவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தவரும் அவர்தான். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலையிடத்தில் ஒரு கேலிக்குப் பயந்து, "அதெல்லாம் வீட்டில் சும்மா ஒரு பழக்கம்" என்று சொல்லிவிட்டு இரவில் தூங்க முடியாமல் கிடக்கும் யாராவது இதை வாசித்தால், பேதுரு மூன்று முறை மறுதலித்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பும் பயந்துபோய் இரகசியமாகவே சீஷனாக இருந்தவர். எல்லாச் சீஷர்களும் ஓடிய அன்று பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டவர் அவர்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நமக்கு வரும் எல்லாப் புறக்கணிப்பும் கிறிஸ்துவின் நிமித்தம் வருவதல்ல. பேதுரு தன் முதல் நிருபத்தில், கொலைபாதகனாகவோ திருடனாகவோ பாடுபடாதிருங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்து, அதே பட்டியலில் அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனையும் சேர்க்கிறார். கொலைகாரனும் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவனும் ஒரே வரியில்! துக்க வீட்டில் போய் நரகத்தைப் பற்றிப் பேசுவது, உறவினரின் வழிபாட்டை அவர் முகத்துக்கு நேரே இழிவாகப் பேசுவது, அலுவலக நேரத்தில் வேலையை விட்டுவிட்டு ஊழியம் செய்வது, பிறகு "என்னை வெறுக்கிறார்கள், சிலுவை சுமக்கிறேன்" என்று சாட்சி சொல்வது. இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அது சிலுவை இல்லை. நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொன்னவரும் அதே பேதுருதான். கிறிஸ்து இடறலாக இருக்கலாம். நம் நாக்கு இடறலாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அடிக்கிற கணவனிடமோ உயிருக்கு ஆபத்தான வீட்டிலோ பொறுத்துக்கொண்டு கிடப்பதுதான் விசுவாசம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். பவுலைத் தமஸ்குவில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். அவர் ஓடியது விசுவாசக் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

இப்போது சபையின் விஷயத்துக்கு வருகிறேன். வெளியாட்கள் ஒதுக்கினால் அது ஒருவிதத்தில் எதிர்பார்த்ததுதான். "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று 55ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வது, கூடிப் பேசி தேவனுடைய வீட்டுக்குச் சேர்ந்து போன தோழனைப் பற்றி. ஒன்றாக ஆராதித்தவர்கள் கைவிடும்போது அந்த ஆராதனையே பொய்யாக இருந்ததோ என்று தோன்ற ஆரம்பிக்கும். நான் இருந்த சபையில் காணிக்கைக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். மரியாதையாகத்தான், தனியாகத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு ஜெபக்குழுவின் நேரம் மாறியது எனக்குச் சொல்லப்படவில்லை. "ஆவிக்குரிய பெருமை" என்று என் பெயரைச் சொல்லாமல் பிரசங்க மேடையில் பேசப்பட்டது. நெருங்கிய தோழி ஒருத்தி போனை எடுப்பதை நிறுத்தினாள். அந்த நாட்களில் பாட்டுப் பாட வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

அப்போது ரொம்பவும் உதவியது பவுலின் கடைசிக் கடிதம், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், நான்காம் அதிகாரம். நீதியின் கிரீடத்தைப் பற்றி அவர் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைத் தாண்டி வாசித்தால் அங்கே ஒரு தனிமைப்பட்ட மனிதர் இருக்கிறார். தேமா இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துப் போய்விட்டான். கன்னானாகிய (செம்பு வேலை செய்கிறவனான) அலெக்சந்தர் மிகுந்த தீமை செய்தான். லூக்கா மாத்திரம் கூட இருக்கிறான். வரும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா. மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு. சிறையில் குளிர்கிறது, வாசிக்க வேண்டும், நீ வந்தால் நன்றாயிருக்கும். இவ்வளவு பெரிய அப்போஸ்தலர் இதை எழுத வெட்கப்படவில்லை. எனக்கு யாரும் தேவையில்லை, ஆண்டவர் ஒருவரே போதும் என்று வீரமாக எழுதவில்லை. ஆண்டவர் தனக்குத் துணையாக நின்றார் என்று எழுதியவரே, நீ சீக்கிரம் வா என்றும் எழுதினார். மனிதர்கள் தேவைப்படுவதை விசுவாசக் குறைவாக நினைத்துக் கூசுகிற நமக்கு இந்த அதிகாரம் பெரிய விடுதலை.

அந்த அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில், விசாரணையில் பதில் சொல்ல நின்றதைப் பற்றி எழுதுகிறார்: "நான் முதல்விசை உத்தரவு சொல்ல நிற்கையில் ஒருவனும் என்னோடேகூட இருக்கவில்லை, எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள், அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக." பல தடவை வாசித்த பிறகுதான் இது எங்கேயோ கேட்ட ஜெபமாயிற்றே என்று உறைத்தது. ஸ்தேவான் கல்லெறியப்பட்டுச் சாகும்போது முழங்காற்படியிட்டு, "ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்றார். கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்குக் காவலாக அன்று பக்கத்தில் நின்ற வாலிபன் சவுல், பிற்பாடு பவுல் என்று அறியப்பட்டவன். அந்த ஜெபத்தை அவன் காதால் கேட்டிருக்க வேண்டும். ஸ்தேவானோ அதைச் சிலுவையில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று ஜெபித்தவரிடமிருந்து கற்றார். முப்பது வருடத்துக்கும் மேலே ஆன பிறகு, ரோமச் சிறையில், கைவிடப்பட்ட கிழவரான பவுல் அதையே சொல்கிறார். ஸ்தேவான் அன்று தன்னைக் கொல்ல உடன்பட்டவனுக்காக ஜெபித்தார். அந்த ஜெபத்துக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை இவ்வுலகில் அவர் பார்க்கவில்லை.

இதை உடனே சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. "சந்தோஷப்பட்டுக் களிகூருங்கள்" என்ற வசனத்தை, காயம் பட்ட அன்றே ஒருவர் கையில் திணிப்பது எனக்குப் பிடிக்காது. தீர்க்கதரிசி எரேமியாவைப் பாருங்கள். சொந்த ஊரான ஆனதோத்தின் ஆட்களே அவரைக் கொல்லத் திட்டமிட்டார்கள். ஆசாரியன் ஒருவன் அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டினான். பிறகு சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். இருபதாம் அதிகாரத்தில் அவர் தேவனிடம் சண்டை போடுகிறார். நாள்தோறும் நகைப்பானேன், இனி உம்முடைய நாமத்தைச் சொல்லவே மாட்டேன் என்கிறார். தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அந்த அதிகாரம் சமாதானத்தோடு முடிவதும் இல்லை, கேள்வியோடு முடிகிறது. ஆனாலும் வார்த்தை எலும்புகளில் அடைபட்டு எரிகிற அக்கினியைப்போல இருந்தது, அடக்க முடியவில்லை என்கிறார். அவர் உண்மையாயிருந்தது என்றால் இதுதான்: முறையிட்டார், ஆனால் தேவனிடமே முறையிட்டார். போய்விடுகிறேன் என்பதையும் அவரிடமே சொன்னார். அழுகிறவர்களை அழவிடுங்கள். முறையிட ஒரு தேவன் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் முறையிடுவான்.

அழுது முடித்த பிறகு எஞ்சுவது இன்னொரு தொல்லை. மனதுக்குள் ஒரு நீதிமன்றம் நடந்துகொண்டே இருக்கும். பாத்திரம் கழுவும்போதும் பயணம் போகும்போதும் அவர்கள் சொன்னதற்குப் பதில் தயாராகும். அன்று இப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அவர் இப்படிக் கேட்டால் நான் இந்த ஆதாரத்தைக் காட்டுவேன். வாதி, வக்கீல், சாட்சி எல்லாம் நாமே. தீர்ப்பு தினமும் நமக்குச் சாதகமாகவே வரும். மறுநாள் காலையில் வழக்கு மறுபடி தொடங்கும். எனக்கு இது மாதக்கணக்கில் நடந்தது. இயேசுவைப் பற்றிப் பேதுரு சொல்வது இந்த இடத்தில்தான் என்னைப் பிடித்தது: "அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." நியாயம் வேண்டாம் என்று இயேசு விட்டுவிடவில்லை. நடந்தது தப்பே இல்லை என்றும் சொல்லவில்லை. வழக்கைச் சரியான இடத்தில் ஒப்படைத்தார். மன்னிப்பு என்றால் நடந்ததை ஒன்றுமில்லை என்று சொல்வது என்று நினைத்திருந்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது ஒன்றுமில்லாதது அல்ல, ஆனால் தீர்ப்புச் சொல்கிறவன் நானல்ல என்று ஜெபிக்க ஆரம்பித்தபோது வழி பிறந்தது. ஒரே நாளில் தீரவில்லை. வழக்கு மனதில் தொடங்கும் ஒவ்வொரு தடவையும், வழக்குக் காகிதக் கட்டு முழுவதையும் அப்படியே தூக்கி அவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் சில நாட்களில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சபையை விட்டு வேறொரு சபைக்குப் போனேன். ஒரு சபையை விட்டுப் போவதும் கிறிஸ்துவை விட்டுப் போவதும் ஒன்றல்ல. ஆனால் எந்தச் சபையும் வேண்டாம், வீட்டிலேயே வேதம் வாசித்துக்கொள்கிறேன் என்ற நிலையில் நீண்ட நாள் இருக்காதீர்கள். காயம் தனியாக இருக்கச் சொல்லும். தனிமையில் அது ஆறுவதைவிடக் கெட்டிப்படுவதே அதிகம்.

குடும்பத்தின் விஷயம் வேறு. சபையை மாற்றலாம், அண்ணனை மாற்ற முடியுமா? 203ஆம் ஆண்டு கார்த்தேஜில் இறந்த பெர்பேத்துவா சிறையில் எழுதிய குறிப்புகள் இன்று நம் கையில் இருக்கின்றன. வயது இருபத்திரண்டு அளவில், கைக்குழந்தை பால் குடிக்கும் பருவம். அப்பா கிறிஸ்தவர் அல்ல. திரும்பத் திரும்பச் சிறைக்கு வருகிறார். என் நரைமுடியைப் பார், உன் குழந்தையைப் பார் என்று கெஞ்சுகிறார். மகளின் கைகளை முத்தமிட்டுக் காலில் விழுகிறார். அவள் ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதை இதன் பெயரைத் தவிர வேறு பெயரால் அழைக்க முடியுமா அப்பா, அப்படித்தான் நானும் கிறிஸ்தவள் அல்லாத வேறொன்றாக என்னைச் சொல்ல முடியாது என்கிறாள். விசாரணையின்போது ஆளுநர் அந்த அப்பாவைத் தடியால் அடிக்கச் சொல்கிறான். என்னையே அடித்ததுபோல் இருந்தது என்று எழுதுகிறாள். அவருடைய முதுமைக்காக வருந்தினேன் என்கிறாள். தன் சாவு கண்ணெதிரே இருக்கும்போது, தன் விசுவாசத்தை எதிர்த்த அப்பாவுக்காக வருந்த அவளிடம் இடம் இருந்தது. இந்தப் பெண்ணின் உறுதியைவிட இந்த இளகிய மனம்தான் எனக்குப் பெரிய சாட்சியாகத் தெரிகிறது. எதிர்ப்பு நம்மை மறுதலிக்க வைக்காமல் போகலாம், ஆனால் கல்லாக்கிவிட முடியும். அதுவும் ஒரு தோல்விதான் என்பது என் எண்ணம்.

இயேசுவின் வீட்டாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவரைப் பிடிக்க வந்ததை மாற்கு எழுதியிருக்கிறார். சகோதரர்களும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் சொல்கிறார். உயிர்த்தெழுந்த பிறகு அவர் யாக்கோபுக்குத் தரிசனமானார். மேல்வீட்டில் காத்திருந்து ஜெபித்தவர்களில் அவருடைய சகோதரரும் இருந்தார்கள். யாக்கோபு எருசலேம் சபையின் தூணாகி, 62 வாக்கில் கல்லெறியப்பட்டு இறந்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பதிவுசெய்திருக்கிறார். இதை வைத்து, உங்கள் வீட்டாரும் கட்டாயம் வருவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெர்பேத்துவாவின் அப்பா என்ன ஆனார் என்று அந்தக் குறிப்புகள் சொல்லவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: சொந்த வீட்டாரின் வாசலில் நின்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நம் ஆண்டவருக்குத் தெரியும்.

அண்ணனுக்கு இப்போதும் பிறந்தநாளுக்கும் பிள்ளைகளின் தேர்வு முடிவுக்கும் செய்தி அனுப்புகிறேன். வசனம் எதுவும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஊழியம் செய்கிறேன் என்று நினைப்பார்; எனக்கு வேண்டியது அண்ணன். பார்த்துவிட்டதற்கான அடையாளம் வரும், பதில் வராது. போன வருடம் அண்ணி உடம்பு சரியில்லாமல் இருந்தபோது மட்டும், "இப்போ பரவாயில்லை" என்று இரண்டு வார்த்தை வந்தது. அதற்கு மேல் இல்லை. தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். ஜெபிப்பதில் எனக்குக் கிடைத்த ஒரு நன்மை, யாருக்காகத் தினமும் நல்லது கேட்கிறோமோ அவர்மேல் கசப்பு வளர்த்துக்கொண்டே போக முடிவதில்லை.

சபைகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் நீண்ட நாள் விசுவாசிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமஸ்குவிலிருந்து கூடையில் தப்பி எருசலேமுக்கு வந்த சவுலைச் சீஷர்களே நம்பவில்லை, பயந்தார்கள். பழைய கூட்டமும் கொல்லப் பார்க்கிறது, புதிய கூட்டமும் சேர்க்கவில்லை. பர்னபா என்கிற ஒருவர்தான் அவனைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், இவனுக்கு நடந்தது இது என்று எடுத்துச் சொன்னார். நம் சபைகளிலும் கடைசி வரிசையில் தனியாக வந்து உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது வீட்டுக்குத் தெரியாமல் வந்தவராக இருக்கலாம். வேறொரு சபையில் அடிபட்டு வந்தவராக இருக்கலாம். உடனே குழுவில் சேருங்கள், பொறுப்பு எடுங்கள் என்று நெருக்காதீர்கள். பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வராவிட்டால் ஒரு போன் போடுங்கள். பண்டிகை நாட்களில் அவர் எங்கே இருப்பார் என்று விசாரியுங்கள். எனக்கு அப்படி ஒரு அக்கா கிடைத்தார். முதல் மாதம் முழுக்க அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆராதனை முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு பேருந்து நிறுத்தம்வரை கூட நடந்து வருவார்.